ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, ஷோகன், ஆர்டி 350: எந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் யாருக்கு?

"அண்ணா, கையில ஒன்றரை லட்சம் இருக்கு. ஆர்எக்ஸ் 100 வாங்கட்டுமா, இல்ல கொஞ்சம் கடன் வாங்கி ஆர்டி-க்கே போயிடட்டுமா?"

திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் போனில் கேட்டான். வயது 24. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் தயாரிப்பு நின்று ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவன். இந்த வருடத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவன். அரை மணி நேரம் பேசிய பிறகு, "இதையெல்லாம் எழுதிக் குடுத்துடுங்கண்ணா, மறந்துடுவேன்" என்றான். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. பதினோரு வருடமாக ஒரு ஆர்எக்ஸ் வைத்திருக்கிறேன், நடுவில் இரண்டு வருடம் ஒரு டிவிஎஸ் சுசுகி ஷோகன் வைத்திருந்தேன், நண்பரின் ஆர்டி 350-ஐப் பலமுறை ஓட்டியிருக்கிறேன், அதைவிடப் பலமுறை தள்ளியிருக்கிறேன். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

## இந்த ஆசை எதைப் பற்றியது

ஆர்எக்ஸ் 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமும் 50 மி.மீ. மொத்தம் 98 சி.சி. டீக்கடை கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் அடங்கிவிடும். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து நிமிடத்துக்கு 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் வருகிறது. 7500 சுற்று என்றால் நொடிக்கு 125. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் எரியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அந்தச் சத்தத்தில் இருக்கும் அவசரம் இதனால் வருவது.

ஆனால் இந்தப் பவர் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் உள்வடிவம் முதலில் விரிந்து, பிறகு குறுகும். புகையோடு கிளம்பும் அழுத்த அலை, குறுகும் இடத்தில் முட்டித் திரும்பி வரும். சரியான நேரத்தில் திரும்பினால், வெளியே தப்பப் பார்க்கும் புது பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்தச் 'சரியான நேரம்' குறிப்பிட்ட சுற்றுகளுக்கு இடையில் மட்டுமே அமையும். அதற்குக் கீழே வண்டி சோம்பேறி. மேலே போனதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். ஓட்டுபவர்கள் இதை "பிடிக்குது" என்பார்கள். இந்தப் பிடிப்புக்காகத்தான் இவ்வளவு பாடு.

சின்ன இன்ஜினில் இன்னொரு வசதி உண்டு. இன்றைய 300, 400 சி.சி. வண்டியில் மூன்றாவது கியரை முழுசாக முறுக்கினால் நூறைத் தாண்டிவிடுவோம். பாதி இன்ஜினைத்தான் நம்மால் பயன்படுத்த முடிகிறது. ஆர்எக்ஸ் 100-இல் ஒவ்வொரு கியரையும் கடைசிவரை இழுத்து ஓட்டலாம். அப்படி ஓட்டியும் பக்கத்தில் போகிற டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் முன்னால் இருப்போம். வேகமாகப் போவதைவிட, இருக்கிற அத்தனையையும் செலவழித்து ஓட்டுவதில் உள்ள சுகம் பெரிது. இது புரியாதவர்கள் ஆர்டி வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் விற்கிறார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு எல்லை எதுவரை என்று தெரிய வேண்டுமா? சுசுகி 1967-இல் ஆர்கே67 என்று ஒரு 50 சி.சி. ரேஸ் வண்டி செய்தது. இரண்டு சிலிண்டர், 14 கியர், 17,300 சுற்றில் 17.5 குதிரைத்திறன். பவர் கிடைக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல் என்பதால்தான் 14 கியர். நம் ஊர் வண்டிகள் அந்தக் குடும்பத்தின் சாதுவான பிள்ளைகள்.

## எதை வைத்து அளக்கலாம்

விற்பவர்கள் டாப் ஸ்பீடும் ஒரிஜினல் பெயிண்டும் பேசுவார்கள். அதை விடுங்கள். நான் பார்ப்பது ஐந்து.

பவர் எந்தச் சுற்றில் வருகிறது, அதை நீங்கள் ஓட்டும் சாலையில் எட்ட முடியுமா என்பது முதலாவது. பிரேக் அந்த இன்ஜினுக்கு ஈடுகொடுக்குமா என்பது அடுத்தது. மூன்றாவது, ஸ்பேர்: பிஸ்டன், ரிங், க்ராங்க், ஆயில் சீல், கிளட்ச் பிளேட் எங்கே கிடைக்கும்? நான்காவது, கை. அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்க்கும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா? ஐந்தாவது, ஆர்.சி. புத்தகம்.

இதில் நான்காவதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுவதைவிட, மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர் முப்பது வருடமாக யமஹா பிரித்தவர் என்றால், எவ்வளவு நல்ல ஷோகனாக இருந்தாலும் யோசியுங்கள்.

| வண்டி | இன்ஜின் | குதிரைத்திறன் | கியர் | லிட்டர் கணக்கில் குதிரைத்திறன் | ஸ்பேர் | மெக்கானிக் |
|---|---|---|---|---|---|---|
| ஆர்எக்ஸ் 100 | 98 சி.சி. | 11 (7500 சுற்றில்) | 4 | சுமார் 112 | தாராளம், போலியும் தாராளம் | எல்லா ஊரிலும் |
| ஆர்எக்ஸ் 135 | 132 சி.சி. | 14 (7500) | 5 | சுமார் 106 | நன்றாகக் கிடைக்கும் | எல்லா ஊரிலும் |
| ஷோகன் | 108 சி.சி. | 14 (8500) | 4 | சுமார் 130 | தேட வேண்டும் | சில ஊர்களில் |
| ஆர்டி 350 (ஹை டார்க்) | 347 சி.சி., இரட்டை சிலிண்டர் | 30.5 (6750) | 6 | சுமார் 88 | வெளிநாட்டிலிருந்தும் வரும், விலை அதிகம் | விரல் விட்டு எண்ணலாம் |
| ஒப்பிட: யமஹா ஆர்15 (2008, முதல் மாடல்) | 149.8 சி.சி., ஃபோர்-ஸ்ட்ரோக் | 17 (8500) | 6 | சுமார் 113 | எளிது | எங்கும் |

ஐந்தாவது கட்டத்தைக் கவனியுங்கள். சி.சி.-க்குச் சி.சி. பார்த்தால் எல்லோரும் கும்பிடும் ஆர்டி கடைசியில் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாத ஷோகன் முதலில் இருக்கிறது. நமக்கு வேண்டியது உயரச் சுற்றும் சின்ன இன்ஜின் என்றால் இந்த வரிசை முக்கியம்.

## ஆர்எக்ஸ் 100

1985 கடைசியில் எஸ்கார்ட்ஸ் – யமஹா கூட்டில் வந்தது, 1996-இல் மாசு விதிகளோடு போனது. முதலில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே கோர்க்கப்பட்டவை என்பதால் 'ஜப்பான் இன்ஜின்' என்ற சொல்லுக்கு இன்றும் தனி விலை. சொல்பவர்கள் எல்லோரும் உண்மை சொல்வதில்லை.

வண்டியின் நிஜ பலம் எடை. பெட்ரோலோடு சுமார் 103 கிலோ. 11 குதிரைத்திறன் கேட்கச் சின்னதாக இருக்கும். அந்த எடைக்கு அது போதும். இரண்டாவது கியரில் ஐயாயிரம் சுற்றைத் தாண்டியதும் முன்சக்கரம் லேசாகும். ட்ரம் பிரேக்தான், டயரும் ஒல்லி, முன்னால் 2.50 இஞ்ச். ஆனாலும் வண்டி இவ்வளவு இலகுவாக இருப்பதால் சமாளித்துவிடலாம். மழையில் மட்டும் கை தயங்கும்.

ஸ்பேர் விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. பிஸ்டன் கிட், கிளட்ச் பிளேட், டேங்க், சைடு பாக்ஸ், இண்டிகேட்டர் வரை எல்லாம் புதுசாகக் கிடைக்கும். அதுவே தொல்லையும்கூட. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் பிஸ்டன்களில் எது இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடும், எது இரண்டாயிரத்தில் சத்தம் போடும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சென்னைக்காரர்கள் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய ஒரிஜினல் பாகத்தைத் தேடுவது பழைய இரும்பு மோகத்தால் இல்லை.

மறைந்திருக்கும் செலவு, பெயருக்குக் கொடுக்கும் விலை. ஓரளவு நல்ல நிலையில் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் பாதி இன்ஜினுக்கு, பாதி ஏக்கத்துக்கு. இன்னொன்று: ஆர்எக்ஸ் 135-க்கு 100-இன் டேங்க், சைடு பாக்ஸ், ஸ்டிக்கர் எல்லாம் மாட்டி 100 என்று விற்கிறார்கள். சிரிப்பு என்னவென்றால், பல நேரம் வாங்குபவருக்கு அதுதான் லாபம். அது ஏன் என்று அடுத்த பகுதியில்.

இதை வாங்க வேண்டியவர்: தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், ஊருக்குள், ஞாயிறு காலை கொஞ்சம் வெளியே. திரும்ப விற்கும்போது நஷ்டம் கூடாது என்று நினைப்பவர். வீட்டில் அப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் இதை ஓட்டியிருந்தால் கேள்வியே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

## ஆர்எக்ஸ் 135, ஐந்து கியர்

100 போன பிறகு, 1990-களின் பிற்பகுதியில் அதே குடும்பத்திலிருந்து 132 சி.சி. வண்டிகள் வந்தன. பிஸ்டன் ஓடும் தூரம் அதே 50 மி.மீ., விட்டம் மட்டும் 58. நான்கு கியரில் ஒன்று, ஐந்து கியரில் ஒன்று. ஐந்து கியர்தான் நாம் பேசுவது. ஆர்எக்ஸ்-இசட் என்ற கொஞ்சம் அலங்காரம் கூடிய தம்பியும் இதே இன்ஜின்தான்.

ஐந்தாவது கியர் எதற்கு? வேகத்துக்கு என்று நினைப்பார்கள். நிஜத்தில் அது இடைவெளியைக் குறைக்க. நான்கு கியரில் ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சுற்று அதிகமாக விழும். சில நேரம் பவர் வரும் இடத்துக்குக் கீழே போய்விடும், மறுபடி ஏறக் காத்திருக்க வேண்டும். ஐந்து கியரில் அடுத்த கியர் பக்கத்திலேயே நிற்கிறது. ஏற்காடு, கொல்லிமலை மாதிரிக் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். 100 மூன்றாவதில் திணறும் இடத்தில் இது பிடித்துக்கொண்டே ஏறும்.

குறை என்றால், மாசு விதி வந்த பிறகு செய்தவை என்பதால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பவை கொஞ்சம் அடக்கி வைத்த மாதிரி ஓடும். அதனால் முந்தைய ஓனர்கள் சைலன்சரை வெட்டியிருப்பார்கள், போர்ட்டை (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளை) அரம் போட்டு அகலப்படுத்தியிருப்பார்கள். போர்ட் ஒருமுறை அளவு தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை, புது சிலிண்டர் பிளாக்தான். வாங்கும்போது யாரும் சிலிண்டரைக் கழற்றிக் காட்டப்போவதில்லை, ஆனால் சைலன்சர் மாற்றியிருக்கிறதா என்று பார்க்கலாம். மாற்றியிருந்தால் உள்ளேயும் கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

என் கருத்தைக் கேட்டால், இந்த நான்கில் பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது இதுதான். 100-க்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை, ஆகவே விலை குறைவு. வயதும் குறைவு. ஸ்பேரும் மெக்கானிக்கும் அதே.

## டிவிஎஸ் சுசுகி ஷோகன்

ஓசூர்க்காரன். 1990-களில் வந்த 108 சி.சி. வண்டி. 8500 சுற்றில் 14 குதிரைத்திறன். அதே கம்பெனியின் அதே காலத்து வண்டி சாமுராய் எட்டு குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை என்பதை நினைத்தால், இதற்குள் எவ்வளவு வேகத்தை அடைத்திருந்தார்கள் என்று தெரியும். சோழவரம் விமானத்தளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்தே டிவிஎஸ்-க்கு ரேஸ் பழக்கம் உண்டு, அந்த வாசனை இந்த வண்டியில் அடிக்கும்.

ஓட்டிப் பார்த்தால் ஆர்எக்ஸிலிருந்து குணமே வேறு. ஆர்எக்ஸ் நடுவிலேயே பிடித்துவிடும், ஊருக்குள் தோதாக இருக்கும். ஷோகன் கீழே ஒன்றுமே தராது. சிக்னலில் கொஞ்சம் அசட்டையாகக் கிளட்சை விட்டால் பக்கத்து ஸ்கூட்டி முந்திப் போய்விடும். பொறுமையாக முறுக்கிக்கொண்டே போனால், ஆர்எக்ஸ் மூச்சு வாங்கும் இடத்தில் இது ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி என்று என் மனைவி சொன்னாள்; அவள் பாராட்டிச் சொல்லவில்லை.

வைத்திருந்த இரண்டு வருடத்தில் அதை விற்கக் காரணம் ஒரு பிளாக். ரீபோர் செய்யச் செய்ய சிலிண்டர் கால் கால் மில்லிமீட்டராக அகலும். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். நான் வாங்கும்போதே என் வண்டி கடைசி அளவில் இருந்தது. அடுத்து சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உறை போட வேண்டும் என்று லேத்தில் சொன்னார்கள். போட்டார்கள். உள்ளே போர்ட் துளைகள் ஸ்லீவோடு ஒரு முடி அளவு பொருந்தவில்லை. அந்த ஒரு முடி போதும். 6000 சுற்றுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. உயரச் சுற்றுவதற்கென்றே வாங்கிய வண்டி அதை மட்டும் செய்யாவிட்டால் எப்படி இருக்கும்? நல்ல பிளாக் தேடி நான்கு மாதம் ஈரோடு, சேலம், பெங்களூர் என்று அலைந்தேன்.

சாமுராய், மேக்ஸ் 100 வண்டிகளோடு சில பாகங்கள் பொது. இன்ஜினின் மேல்பகுதி பொதுவல்ல. சாமுராய்க்கு ஷோகன் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதையும் பார்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை வாங்க வேண்டியவர்: வீட்டில் வேறு வண்டி உள்ளவர். ஓசூர், கோவை, சேலம் பக்கம் டிவிஎஸ் சுசுகி பழகிய மெக்கானிக் இருப்பவர். முக்கியமாக, சுற்று ஏறக் காத்திருப்பதில் சலிக்காதவர். இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள நான்கில் மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். வாங்கச் சொல்வது ஆர்எக்ஸ் 135-ஐ. இரண்டும் வேறு வேறு கேள்வி.

## ஆர்டி 350

1983-இல் ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. வண்டியின் பெயர் ராஜ்தூத் 350, உள்ளே இருப்பது யமஹா ஆர்டி 350பி. ஜப்பானில் 39 குதிரைத்திறன். இங்கே பெட்ரோல் செலவை நினைத்து முதலில் 30.5-ஆகக் குறைத்தார்கள், பிறகு இன்னும் குறைத்து 27. முதல் வகைக்கு ஹை டார்க், அடுத்ததற்கு லோ டார்க் என்று பெயர். அப்படியும் மைலேஜ் இருபதைச் சுற்றித்தான். அந்தக் காலத்தில் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, பத்து வருடத்துக்குள் நின்றுபோனது. அடிமாட்டு விலைக்குக் கைமாறி, வீணாகி, மிச்சமிருப்பவற்றுக்குத்தான் இன்று பல லட்சம்.

இரண்டு சிலிண்டர், ஆறு கியர். இன்று ஓட்டினாலும் அசர வைக்கும். ஆனால் ஜப்பானில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே முன்னால் ட்ரம் கொடுத்தார்கள். நண்பரின் வண்டியில் முதல்முறை மூன்றாவது கியரை முழுசாக இழுத்துவிட்டு, முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் திரும்புவதைப் பார்த்துப் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், நின்றது என்று சொல்ல முடியாது. நல்ல கை அட்ஜஸ்ட் செய்த பிரேக் இதைவிட நன்றாக நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். அப்படி அட்ஜஸ்ட் செய்யும் கை எத்தனை?

செலவு இரண்டு மடங்கு என்று சொல்வார்கள். பிஸ்டன் இரண்டு, கார்புரேட்டர் இரண்டு, பாயிண்ட் செட் இரண்டு, அதுவரை சரி. க்ராங்க் மட்டும் அந்தக் கணக்கில் வராது. துண்டு துண்டாக அழுத்திக் கோர்த்த இரட்டை க்ராங்க், நடுவில் இரண்டு சிலிண்டரையும் பிரிக்கும் சீல். அதைப் பிரித்து, புது பேரிங் போட்டு, கோணல் இல்லாமல் மறுபடி அழுத்தத் தெரிந்தவர்கள் தமிழ்நாடு முழுக்கச் சிலர்தான். அவர்களிடம் வண்டி கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகாமல் ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைந்து வறண்டு ஓடி, அது மட்டும் சீஸ் ஆவது (சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி நிற்பது) இதில் வழக்கமான சாவு.

இதை வாங்க வேண்டியவர்: வாங்கும் பணத்தில் பாதியைத் தனியாக எடுத்து வைத்து, அது போனாலும் தூக்கம் கெடாதவர். சித்தப்பா மகனிடம் இதைத்தான் சொன்னேன். கடன் வாங்கி ஆர்டி வாங்காதே. கடன் அடையும் வரைக்கும் வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

## பழசே வேண்டாம் என்றால்

யமஹா ஆர்15 முதல் மாடல் 2008-இல் வந்தது. 149.8 சி.சி., நான்கு வால்வு, தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், டிஸ்க். இழுத்து ஓட்டும் சுகம் இதிலும் உண்டு. பிரேக்கும் வளைவில் நிற்கும் விதமும் மேலே சொன்ன நான்கையும் வெட்கப்பட வைக்கும். இல்லாதது அந்தத் திடீர்ப் பிடிப்பும், டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலின் வாசனையும்தான். தினமும் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகும் ஒருவர் ஒரே ஒரு வண்டி வைத்துக்கொள்ள நினைத்தால், இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

ஆர்.சி.-யில் ஆரம்பிப்போம். முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கான கட்டணம் ஆயிரம் ரூபாய். 2025-இல் 20 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கு அதை இரண்டாயிரம் ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பணம் பெரிய விஷயமில்லை; மூன்று கை மாறிய வண்டிக்கு ஆர்.சி.-யில் இன்னும் முதல் ஓனர் பெயர் இருப்பதுதான் விஷயம். அவர் உயிரோடு இருந்தால் படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கலாம். இல்லையென்றால் வாரிசு, சான்றிதழ் என்று வருடம் ஓடும்.

டெல்லி நம்பர் வண்டி மலிவாக வரும். அங்கே 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டி ஓட முடியாது என்பதால் வெளியே தள்ளுகிறார்கள். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 'வின்டேஜ் பதிவு வாங்கித் தருகிறேன்' என்பவர்களையும் நம்ப வேண்டாம். அந்தப் பிரிவு 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான், கட்டணம் இருபதாயிரம், தினசரி ஓட்டவும் அனுமதியில்லை. முதல் ஆர்டி-க்கே 2033 ஆகும்.

இன்ஷூரன்ஸ். ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் விதி. ஆனால் பலர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டுவிட்டு, லட்ச ரூபாய் வண்டியை வாசலில் நிறுத்துகிறார்கள். ஆர்எக்ஸ் திருடு போவது புதுசில்லை. திருடு போனால் அந்தக் காப்பீட்டில் ஒரு ரூபாய் வராது.

அப்புறம் பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் அதே ஜெட் வைத்து ஓட்டினால் கலவை கொஞ்சம் வறண்டுபோகும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அது சின்ன விஷயம். டூ-ஸ்ட்ரோக்கில் வறட்சி என்றால் சூடு, சூடு என்றால் சீஸ். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குவதும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சீல்களையும் மாற்றுவதும் வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை.

சீஸ் ஆவது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஒரு ஏப்ரல் மதியம், உளுந்தூர்பேட்டை தாண்டி, எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் ஒரு நொடி மெலிந்தது, பின்சக்கரம் கீச்சென்று இழுபட்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இதை எழுதுகிறேன். சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் நகத்தால் பிறாண்டிய மாதிரிக் கோடுகள், சிலிண்டர் சுவரில் அலுமினியம் பூசிக் கிடந்தது. காரணம் இடதுபக்க க்ராங்க் ஆயில் சீல். ரப்பர் காய்ந்து, அதன் வழியாகக் காற்று உறிஞ்சி, கலவை வறண்டுவிட்டது. சீலின் விலை அன்றைக்கு நான் குடித்த இரண்டு இளநீர் அளவு. டூ-ஸ்ட்ரோக் ஓட்டும்போது கிளட்சில் இரண்டு விரல் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

## பார்க்கப் போகும்போது

கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல இன்ஜின் கையைத் திருப்பித் தள்ளும்; பஞ்சு மாதிரி இறங்கினால் ரிங் போயிருக்கிறது.

சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் வலதுபக்க சீல் போயிருக்கிறது. கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது. நீலப் புகை டூ-ஸ்ட்ரோக்கில் சகஜம், பயப்பட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்கத் தயங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. இன்னொரு உளுந்தூர்பேட்டை காத்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் பம்ப் இருக்கிறதா, கழற்றி அடைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். அடைத்திருந்தால் பெட்ரோலில் 2டி ஆயிலை நீங்களே கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்றால் ஐம்பதுக்கு ஒன்று.

இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் தடவிப் பாருங்கள், போட்டோவில் அல்ல, விரலால். அரம் போட்டுத் திரும்பப் பஞ்ச் செய்திருந்தால் சுற்றியிருக்கும் இடம் வழவழப்பாக இருக்கும். பிறகு அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விலை குறைத்தாலும்.

சித்தப்பா மகன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார், இருபத்தைந்து வருடமாக ஆர்எக்ஸ் மட்டும் பிரிப்பவர். அவரிடம் வந்துபோகும் ஒருவரிடம் ஐந்து கியர் 135 இருக்கிறது, 2002 மாடல், ஆர்.சி. 2027 வரை உயிரோடு. சைலன்சர் ஒரிஜினல். டேங்க் சப்பளிந்து கிடக்கிறதாம். நல்லது, விலை பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவனை ஏழு மணிக்கே போகச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதற்கு முன்னால்.